கீழே தறி, மாடியில் லேப்டாப்

ஆரணியில் உட்கார்ந்து அயலூருக்கு நிரல் எழுதுகிறவர்களின் அன்றாடம்

விடிந்தும் விடியாத நேரத்தில் ஆரணியின் நெசவாளர் தெருவுக்குள் பைக்கில் நுழைகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு விரித்துக் கட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழைகளைத் தட்டி, சிக்கெடுத்து, அறுந்ததைப் புனைந்துகொண்டிருப்பார்கள். வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் சுருட்டி எடுத்தாக வேண்டும் என்பதால் பேச்சு குறைவாக இருக்கும், கை வேகமாக ஓடும். அதே தெருவில் மாடி அறையின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் படுக்கப் போகும்போது மணி பன்னிரண்டரை. கலிஃபோர்னியாவில் காலை பத்து மணிக்குத் தொடங்கும் மீட்டிங், கோடைக்காலத்தில் ஆரணிக்கு இரவு பத்தரை மணி மீட்டிங்.

எட்டரைக்கு அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வரும்போது, அப்பா தறிக்குழியில் கால் வைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தெருவின் கணக்கில் இவர் இன்னும் “வேலைக்குப் போகாத பையன்”தான்.

ஊர் திரும்பிய லேப்டாப்

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர். வேலூர் சுமார் 40 கி.மீ., காஞ்சிபுரம் 60 கி.மீ.க்குச் சற்று மேல், சென்னை சுமார் 140 கி.மீ. ஊருக்குள் ரயில் கிடையாது. ‘ஆரணி ரோடு’ என்று பலகை மாட்டிய ரயில் நிலையம் களம்பூரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவதுதான் இரண்டு தலைமுறையாக நடந்துவந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைக் கீழே இறக்கியது. உள்ளூர் கேபிள் டி.வி.காரர்கள் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஃபைபர் இழுத்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, துணிப்பையும் லேப்டாப் பையுமாக வீடு திரும்பியவர்களுக்கு இந்த இரண்டும் தயாராக இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தியது. அதற்கு முன்பு, ஐ.டி. சேவை நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவிட வங்கி உத்தரவாதம் உள்ளிட்ட கெடுபிடிகள் இருந்தன. அவை போனதும் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்பது தற்காலிகச் சலுகை என்ற நிலையிலிருந்து நிரந்தர ஏற்பாடாக மாறும் போலத் தெரிந்தது.

அப்படி முழுதாக மாறிவிடவில்லை. 2025-க்குள் ஊழியர்களில் கால்வாசிப் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-ல் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. மற்ற பெரிய நிறுவனங்கள் இரண்டு நாள், மூன்று நாள் என்று கணக்கு வைத்தன. பெரும்பாலோர் பெட்டியைக் கட்டினார்கள். தங்கியவர்களில் சிலர் வெளிநாட்டுச் சிறு நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை செய்கிறவர்கள், சிலர் ஃப்ரீலான்ஸ். இன்னும் சிலர் திங்கள் விடியற்காலை பஸ்ஸில் ஏறி, சென்னை ஓ.எம்.ஆரில் மூன்று நாள் தலையைக் காட்டிவிட்டு, வியாழன் காலை ஊரில் இறங்குகிறவர்கள். வழியில் மூன்று, நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

அட்டையில் எழுதிய நிரல்

ஆரணிக்கு நிரல் புதிதாக வந்த சரக்கில்லை. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தால் போதும். அதில் தொங்கும் அட்டைகள் நூலால் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக இறங்கும். ஒவ்வோர் அட்டையிலும் வரிசையாகத் துளைகள். துளை இருக்கும் இடத்தில் கொக்கி தூக்கும், அதோடு கட்டிய பாவு இழை மேலே எழும். துளை இல்லையென்றால் இழை கிடந்த இடத்தில் கிடக்கும். நெசவாளர் மிதியை அழுத்த, ஓர் அட்டை வந்து பொருந்தும். நாடா ஒருமுறை குறுக்கே ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. மயிலும் மாங்காயும் யானையும் சேலையில் இப்படித்தான் விழுகின்றன.

பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜோசஃப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணக்கு இயந்திரத்துக்கு இதே துளை அட்டையை எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரம் செய்யக்கூடிய ஒரு கணக்கை 1843-ல் படிப்படியாக எழுதிக் காட்டிய ஏடா லவ்லேஸை உலகின் முதல் நிரலாளர் என்கிறார்கள். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டை வைத்து எண்ணினார். அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்துதான் பின்னாளில் ஐ.பி.எம். ஆனது. பட்டுத் தறியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போன பாதை அது. ஆரணித் தெருவில் அந்தப் பாதையின் இரண்டு முனைகளும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் கிடக்கின்றன.

தறியின் டிசைன்காரர் சதுரக் கட்டத் தாளில் படம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் வண்ணம் நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார். இப்போது படம் கம்ப்யூட்டரில் போடப்படுகிறது. அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டும் வந்திருக்கிறது. வேலையின் குணம் மாறவில்லை. ஒரு துளை தவறினால், அந்தப் புட்டா (சேலையில் திரும்பத் திரும்ப விழும் உரு) வரும் இடமெல்லாம் அதே தவறு வரும். திருத்துவதற்கு வேண்டாத துளையின் மேல் துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். மென்பொருளில் பிழை திருத்துவதை ‘பேட்ச்’ என்று சொல்வதும், பழைய கம்ப்யூட்டர்களின் துளை நாடாவில் இப்படி ஒட்டுப் போட்டதிலிருந்து வந்ததுதான்.

┌ பெட்டிச் செய்தி: ஒரு புட்டா எத்தனை பைட்?
240 கொக்கி ஜக்கார்டில் ஓர் அட்டைக்கு 240 இடம். ஒவ்வோர் இடத்திலும் துளை உண்டு அல்லது இல்லை. கம்ப்யூட்டர் மொழியில் 240 பிட், அதாவது 30 பைட். ஒரு டிசைனுக்கு 400 அட்டை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12,000 பைட். செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரண புகைப்படத்துக்குள் இப்படிப்பட்ட டிசைன்கள் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும். கையால் துளை அடிப்பவருக்கோ அது 96,000 முறை உண்டா இல்லையா என்று பார்க்கும் வேலை. └

சிவப்பு விளக்கு

கிராமத்து நிரலாளரைப் பற்றிய படங்களில் தென்னை மரத்தடி, கயிற்றுக் கட்டில், மடியில் லேப்டாப் என்று காட்டுவார்கள். மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் திரையில் எழுத்து தெரியாது, எறும்பு ஏறும். வேலை நடப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ மாடியின் சின்ன அறையிலோ. அங்கே முதல் கேள்வி கரன்ட்.

மாதம் ஒருநாள் துணைமின்நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரன்ட், மதியம் இரண்டுக்கோ மாலை ஐந்துக்கோ வரும். நாளிதழின் உள்பக்கத்தில் வரும் மின்தடை அறிவிப்பை ஊரில் ஊன்றிப் படிக்கிறவர்கள் இருவர். ஒருவர் அரிசி ஆலைக்காரர், மற்றவர் நிரலாளர். வழக்கமான 150 ஆம்பியர் பேட்டரி, 12 வோல்ட் என்றால் ஏட்டளவில் 1,800 வாட் மணி. முழுக்க உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் கெடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம். லேப்டாப் 60 வாட், ரவுட்டர் 10, சாதாரண மின்விசிறி 75. ஏழு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். விசிறியை 30 வாட்டில் ஓடும் புது ரகமாக மாற்றினால் பத்து மணி நேரம். ஆரணி நிரலாளர் வாங்கும் முதல் கருவி பெரும்பாலும் நல்ல விசிறி என்பதில் ஆச்சரியம் இல்லை.

வீட்டில் கரன்ட் இருந்தும் வேலை நிற்பதுண்டு. ஃபைபர் புறப்படும் இடம் கேபிள்காரரின் அறை. அங்கே இருக்கும் கருவிக்கு பேட்டரி தீர்ந்துபோனால், தெருவில் எத்தனை இன்வெர்ட்டர் ஓடினாலும் ரவுட்டரில் சிவப்பு விளக்குதான். வைக்கோல் ஏற்றிய லாரி உயரமாகப் போய்க் கம்பியை இழுத்துக்கொண்டு போகும். சாலை அகலப்படுத்தும் பொக்லைன் தோண்டிப்போடும். இதற்காகத்தான் ஒரு ஃபைபர், வேறு கம்பெனியின் ஒரு சிம், அதை மாட்ட ஒரு பழைய செல்போன் என்று மூன்று ஏற்பாடு. 2022 அக்டோபரில் நாட்டில் தொடங்கிய 5ஜி நகரத்துக்குள் உதவுகிறது. ஊரைத் தாண்டி தேவிகாபுரம் பக்கமோ ஒண்ணுபுரம் பக்கமோ போனால், எந்த மூலையில் எத்தனை கோடு சிக்னல் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

அடுத்தது சத்தம். தறி அடிக்கும் சத்தம் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர் காதில் விழாது. லண்டனில் இருப்பவர் காதில் விழும். ‘அங்கே என்ன கட்டடம் கட்டுகிறார்களா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, பேசும்போது மட்டும் மைக்கைத் திறப்பது கைப்பழக்கமாகிவிடுகிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டால் எந்தப் பழக்கமும் உதவாது. அந்த வாரம் பேச்சு குறைந்து எழுத்து கூடும். மற்ற ஊழியர்கள் அதை நல்ல ஒழுங்கு என்று பாராட்டுவது தனிக்கதை.

வேலை என்று பார்த்தால் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரைதான் தனியாக உட்கார்ந்து எழுதும் நேரம். முந்தின இரவு வந்த டிக்கெட்டுகளை, அதாவது வேலைக் கோரிக்கைகளைப் பார்ப்பது, பிழை எங்கே என்று தேடுவது, மற்றவர் எழுதியதைப் படித்துக் குறிப்புச் சொல்வது. வெளியார் நினைப்பதுபோல் விரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதில்லை. நாளின் பெரும்பகுதி படிப்பதிலும் யோசிப்பதிலும் போகும். ‘சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே’ என்று வீட்டார் கவலைப்படும் நேரம்தான் வேலையின் கடினமான நேரம். ஏழரைக்கு மேல் அமெரிக்கா விழிக்கும். அங்கே மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள். ஆரணியில் யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆனால் நவம்பரில் ஏழரை மணி மீட்டிங் எட்டரைக்குத் தள்ளிப்போக, ஒரு வீட்டின் இரவுச் சாப்பாடும் அதோடு சேர்ந்து நகரும்.

கூலி யார் கையில்?

வீட்டிலிருந்து வேலை என்பதை ஐ.டி. துறை 2020-ல் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறது. ஆரணிக்கு அது பரம்பரை வழக்கம். கர்நாடகப் பட்டும் சூரத் ஜரிகையும் முதலாளி மூலமோ கூட்டுறவுச் சங்கம் மூலமோ வீட்டுக்கு வரும். வீட்டில் ஒருவர் தார் சுற்ற, ஒருவர் நெய்ய, சேலை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. முகூர்த்த மாதம் வந்தால் இரவு விளக்குப் போட்டு நெய்வார்கள், ஆர்டர் இல்லாத மாதம் தறி தூங்கும். குழிக்குள் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் முழங்காலும் போகும். தறிக்கு வாடகை, இடத்துக்கு வாடகை, விளக்குச் செலவு எல்லாம் நெய்கிறவர் கணக்கில்தான்.

இதைப் படித்துவிட்டு மாடிப் படியேறினால் எல்லாமே தெரிந்த முகமாக இருக்கும். அறை இவருடையது, கரன்ட் இவருடையது, நெட் கட்டணம் இவருடையது. ஃப்ரீலான்ஸ் என்றால் கம்ப்யூட்டரும் இவருடையதுதான். ஆர்டர் எங்கிருந்தோ வரும், நிற்கும்போது காரணம் சொல்லாமல் நிற்கும். ஆரணியில் நெய்த சேலை காஞ்சிபுரம் என்ற பெயரில் கடைக்குப் போவதுண்டு. ஆரணியில் எழுதிய நிரலும் எங்கோ உள்ள கம்பெனியின் பெயரில்தான் வெளியாகும். ஆரணிப் பட்டுக்காவது புவிசார் குறியீடு இருக்கிறது.

ஒப்புமை ஓரளவுக்குத்தான் செல்லும். நிரலாளர் ஒரு மாதத்தில் வாங்குவதை நெசவாளர் வாங்கப் பல மாதம் ஆகும். வேலை பிடிக்காவிட்டால் நிரலாளர் ஒரு வாரத்தில் வேறு ஆளிடம் பேசிப் பார்க்கலாம். முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளரால் அது முடியாது. இந்த முன்பணம் என்ற ஒன்று நிரலாளர் வாழ்க்கையில் இல்லாததுதான் இருவருக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம். சம்பளத்தின் பெருமையைவிட அது முக்கியம்.

ஆனால் அந்த வித்தியாசம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 2022 நவம்பரில் சாட்ஜி.பி.டி. வந்த பிறகு, புதிதாகச் சேர்கிறவர் செய்துவந்த சின்னச் சின்ன நிரல்களை இயந்திரமே எழுதுகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியரில் சுமார் 2 சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அலுவலகத்தில் முகம் தெரிந்தவரைவிட, திரையில் ஒரு சதுரமாக மட்டும் தெரிகிறவர் அதிகம் அஞ்சுவது இயல்பு. விசைத்தறி பெருகியபோது கைத்தறிக்கு 1985-ல் தனிச் சட்டமே போட்டார்கள். குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யலாம் என்று ஒதுக்கி வைத்தது அது. நிரலுக்கு அப்படி ஒரு வேலி யாரும் போடப்போவதில்லை.

┌ பெட்டிச் செய்தி: வீட்டில் செய்தால்தான் செல்லும்
ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ‘ஹாரிஸ் ட்வீட்’ என்ற கம்பளித் துணி நெய்கிறார்கள். 1993-ல் இதற்கென்றே பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. தீவுவாசிகள் தங்கள் வீட்டில் வைத்துக் கையால் நெய்தால் மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். வொர்க் ஃப்ரம் ஹோமைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கும் தொழில் இது.
இந்தியாவிலோ கையால் நெய்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்: 2009-10 கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 43 லட்சம் பேர். 2019-20-ல் சுமார் 35 லட்சம். └

“வேலை போயிடுச்சாப்பா?”

ஊரோடு இருப்பவருக்கு வரும் முதல் விசாரணை இதுதான். சாஃப்ட்வேர் என்றால் சென்னை, அடுத்தது அமெரிக்கா என்று பழகிய ஊரில், பகல் பதினொரு மணிக்கு மளிகைக் கடையில் நிற்கும் இருபத்தெட்டு வயதுக்காரரை யாரும் நம்புவதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளச் சீட்டைக் காட்டினாலும், ‘ஆபீஸ் எங்கே இருக்கு?’ என்ற கேள்விக்கு மாடியைக் காட்ட முடியாது. பெங்களூரில் பாதிச் சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளைக்கு மவுசு அதிகம்.

அதே ஊர்தான் வேறு விதத்தில் இவரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, ஆன்லைனில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, பக்கத்து வீட்டுப் பையனின் கவுன்சலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுக்க, எல்லாவற்றுக்கும் வீட்டில் இருக்கும் பிள்ளைதான் ஆள். அப்பாவுக்குச் சர்க்கரை கூடிய இரவு, சென்னையில் இருக்கும் அண்ணன் போனில் பதறுவார். மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுக்கிறவர் இவர். ஊரில் இருப்பதன் பலனை எந்தச் சம்பளக் கணக்கிலும் காட்ட முடியாதது இந்த இடத்தில்தான்.

பெண்களுக்குக் கணக்கு வேறு. கல்யாணத்தோடு வேலையை விட்டிருக்க வேண்டிய பலர், வீட்டிலிருந்து வேலை என்பதால் விடாமல் இருக்கிறார்கள். அது லாபம். ஆனால் வீட்டில் இருக்கிற மருமகள் வேலையில் இருக்கிறாள் என்பதை வீடு ஒப்புக்கொள்ள நாளாகும். மீட்டிங் நடுவே பால் பொங்கும், பார்சல் வரும், குழந்தை கதவைத் தட்டும். இரவு மீட்டிங் முடித்துப் படுத்தாலும் காலை வாசல் தெளிக்கும் நேரம் மாறாது. ஆண் நிரலாளர் எட்டரை வரை தூங்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

தென்காசியின் பாடம்

கிராமத்தில் மென்பொருள் என்றதும் தமிழ்நாட்டில் எவரும் சொல்வது தென்காசி. 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் பின்னாளில் ஜோஹோ ஆனது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து தென்காசி அருகே மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். வேட்டி கட்டிச் சைக்கிள் ஓட்டும் அவர் படம்தான் எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான சங்கதி, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே 2011-ல் அங்கே அலுவலகம் திறந்துவிட்டார்கள் என்பது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் முறையையும் ஜோஹோ 2005 வாக்கிலேயே தொடங்கியிருந்தது. தென்காசியில் நிரலாளர் ஆளுக்கொரு மாடி அறையில் ஒடுங்கிக் கிடக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறார்.

திருவாரூர் மாவட்டம் கொள்ளுமாங்குடியில் டெசிக்ரூ நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு கிராமத்து பி.பி.ஓ. நடத்திக் காட்டியது இன்னொரு வழி. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாக நிரல் கற்றுக்கொடுக்கிறது. அரசுத் தரப்பில், 2000-ல் சென்னையில் திறந்த டைடல் பூங்காவின் சின்ன வடிவங்கள் 2024-ல் விழுப்புரத்திலும் சேலத்திலும் தஞ்சாவூரிலும் திறந்தன. அமெரிக்காவின் டல்சா நகரத்தில் ஓர் அறக்கட்டளை 2018-லிருந்து, வீட்டிலிருந்து வேலை செய்யும் வெளியூர்க்காரர் குடிவந்தால் ஆளுக்கு 10,000 டாலர் கொடுக்கிறது.

ஆரணிக்கு அவ்வளவு தேவையில்லை. ஊரை ஒட்டித் தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது, சுமார் 45 கி.மீ. தொலைவில் வேலூர் வி.ஐ.டி. இருக்கிறது. படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையத்துக்கு அருகே இருபது பேர் உட்காரும் ஒரு கூடம், இரண்டு கம்பெனி இணைப்பு, ஒரு ஜெனரேட்டர் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் தனி அறையில் இருந்துகொண்டு தொழில் கற்பது, தறியைப் பார்க்காமல் நெசவு கற்பதுபோல. அனுபவம் உள்ளவர் ஊரில் இருந்து சமாளிக்கலாம். இருபத்திரண்டு வயதுக்காரர் முதல் மூன்று நான்கு வருடம் பெரிய ஊரில் ஆட்களோடு உட்கார்ந்து கற்றுவிட்டுத் திரும்புவதே இப்போதைக்கு நல்லது.

மூடிய குழி

நிரலாளர் இருக்கும் வீடுகளில் தறி தொடர்வது அரிது. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கியதும், ‘போதும்ப்பா, கால் வலிக்குதுல்ல’ என்று நிறுத்தச் சொல்வார். சில வீட்டில் அப்பா கேட்பார், சில வீட்டில் ‘கை சும்மா இருந்தா தூக்கம் வராது’ என்று இன்னும் ஒரு பாவு போடுவார். தமிழக அரசு கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தை 2023-ல் 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தியது. அதற்காகத் தறியை வைத்திருக்கிறவர்களும் உண்டு.

நிறுத்த முடிவானதும் முதலில் ஜக்கார்டு பெட்டியை இறக்குவார்கள். அட்டைகள் பரணுக்குப் போகும், பிறகு பழைய பேப்பர் கடைக்கு. மரச்சட்டத்தைக் கழற்றி விற்றுவிடலாம். குழியைத்தான் மண் போட்டு, சல்லி கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்ட வேண்டும். வீட்டிலேயே உயரமான கூரையும் நல்ல வெளிச்சமும் உள்ள இடம் அதுதான் என்பதால், மாடியில் வெந்துகொண்டிருந்தவர் மேசையை அங்கே இறக்கிக்கொள்வார். ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு குழி இருந்த இடத்தில் மண் இறங்கி டைல்ஸ் லேசாகத் தாழும். சக்கரம் வைத்த நாற்காலி எங்கே விட்டாலும் தானாக உருண்டு அந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.